சின்னப் பிள்ளைகளும் நீட்டல் அளவையும்: கடற்கரைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துக் கரையோர ஊர்களில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கூட்டல் கழித்தலில் பிள்ளை தடுமாறினால் பெற்றோர் உடனே பள்ளிக்கு வந்துவிடுகிறார்கள். நீளம் அளப்பதில் தடுமாறினால் யாருக்கும் தெரிவதே இல்லை. ஸ்கேலைப் பார்த்து ஏதோ ஓர் எண்ணைப் பிள்ளை சொல்லிவிடுகிறது, நாமும் சரி என்று விட்டுவிடுகிறோம். பள்ளி வாசலிலும் கரையிலும் பஸ்ஸிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

என் மகள் ஸ்கேலை வைத்து எண்ணைத் தப்பில்லாமல் படிக்கிறாள். பிறகு ஏன் அவளுக்கு அளக்கத் தெரியவில்லை என்கிறீர்கள்?

இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி உடைந்த ஸ்கேல் ஒன்றை வைத்திருந்தாள். முதல் நான்கு சென்டிமீட்டர் உடைந்துபோய், 4 என்ற கோட்டிலிருந்துதான் ஸ்கேலே தொடங்கியது. அவள் கையில் ஒரு நெத்திலிக் கருவாட்டைக் கொடுத்து அளக்கச் சொன்னேன். தலையை 4இல் சரியாக வைத்தாள். வால் 11இல் நின்றது. "பதினொன்று" என்றாள். பக்கத்துப் பையனின் முழு ஸ்கேலைக் கொடுத்தேன். அதே நெத்திலி 7 என்று வந்தது. ஒரே மீன் எப்படி ஏழாகவும் பதினொன்றாகவும் இருக்கும் என்று கேட்டேன். மீனைப் பார்த்தாள், இரண்டு ஸ்கேலையும் பார்த்தாள். "உடைந்த ஸ்கேலில் மீன் பெரியதாகிவிடுகிறது, டீச்சர்" என்றாள்.

அவள் யோசித்துத்தான் சொன்னாள். அளப்பது என்றால் பொருளின் நுனிக்கு நேராக இருக்கும் எண்ணை வாசிப்பது என்று அவள் புரிந்துவைத்திருந்தாள். அப்படித்தான் அவளுக்குச் சொல்லித்தரப்பட்டிருந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளிடம் மட்டும் உள்ள குறை இது என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் தேசியத் தேர்வு ஒன்றில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதே மாதிரிக் கேள்வி வந்தது. உடைந்த ஸ்கேல் படத்தின் மேல் ஒரு பல்குச்சி 8இலிருந்து பத்தரை வரை கிடந்தது. இரண்டரை என்று சொல்ல வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் தவறாகத்தான் எழுதினார்கள். பலர் பத்தரை என்றார்கள். வேறு பலர் கோடுகளை எண்ணி மூன்றரை என்றார்கள்.

வீட்டில் இன்றைக்கே இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். ஸ்கேலை உடைக்க வேண்டாம், முதல் மூன்று சென்டிமீட்டரைக் காகிதத்தால் மூடி ஒட்டினால் போதும்.

எந்த வயதில் தொடங்கலாம்?

நான்கு வயதிலேயே. ஆனால் அந்த வயதில் எண்ணே வேண்டாம். எது நீளம், எது குட்டை என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

அதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே (1896–1980) ஒரே நீளமுள்ள இரண்டு குச்சிகளைப் பிள்ளைகள் முன் இணையாக வைத்தார். இரண்டும் சமம் என்றார்கள். ஒரு குச்சியைச் சற்றே முன்னால் தள்ளினார். தள்ளிய குச்சிதான் நீளம் என்று சின்னப் பிள்ளைகள் அடித்துச் சொன்னார்கள். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை மட்டும் பார்த்து, பின்னால் உள்ளே போன முனையை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். இதை இரண்டு பனை ஈர்க்குகளை வைத்து நீங்களே செய்து பார்க்கலாம். பிள்ளை தவறாகச் சொன்னால் பதற வேண்டாம், ஆறு ஏழு வயதுவரை இது இயல்பு. "இரண்டின் அடியையும் ஒரே சுவரில் முட்டவைத்துப் பார்ப்போமா?" என்று கேளுங்கள். ஒரு முனையைச் சேர்த்துவைத்துவிட்டு மறுமுனையைப் பார்ப்பது என்ற பழக்கம் வந்துவிட்டால், பின்னால் ஸ்கேலின் பூஜ்யம் புரிவதற்கு அதுவே அடித்தளம்.

சாண், முழம் எல்லாம் பழைய காலத்துச் சங்கதி. என் பிள்ளைக்கு எதற்கு?

பழைய காலமா? நேற்று மாலை பூ வாங்கினீர்களே, எப்படி வாங்கினீர்கள்? மல்லிகை நாற்றுக்குப் பெயர்போன தங்கச்சிமடம் பக்கத்தில் இருந்துகொண்டு முழத்தைப் பழையது என்று சொல்ல முடியாது. கடையில் கேட்பது நாலு முழ வேட்டி, எட்டு முழ வேட்டி. கடலின் ஆழத்தைப் பெரியவர்கள் பாகத்தில் சொல்கிறார்கள்: கயிற்றில் எடை கட்டி இறக்கி, இழுக்கும்போது இரண்டு கைகளையும் விரித்து விரித்து எண்ணுகிறார்கள். இந்த வீடுகளிலிருந்து வரும் பிள்ளை நீட்டல் அளவையைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த பிள்ளை. பள்ளியில்தான் அதை மறந்துவிட்டு, ஸ்கேலை முதல் தடவையாகப் பார்க்கிற பிள்ளையைப் போல அதை நடத்துகிறோம். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

பழைய கணக்கில் 12 விரற்கடை ஒரு சாண், 2 சாண் ஒரு முழம், 4 முழம் ஒரு பாகம். ஆக ஒரு பாகம் எட்டுச் சாண். 'எண்சாண் உடம்பு' என்கிறோமே, அதுவும் இதே எட்டுதான். இரண்டு கைகளையும் விரித்தால் வரும் நீளமும் ஆளின் உயரமும் ஏறத்தாழ ஒன்று.

இதை வகுப்பில் தரையில் செய்வோம். ஒரு பிள்ளை படுத்துக்கொள்ளும். தலைக்கு மேலேயும் குதிகாலுக்குக் கீழேயும் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போடுவோம். அந்தப் பிள்ளையே எழுந்து, தன் கையால் சாண் போட்டு எண்ணும். சுண்டுவிரல் நின்ற இடத்தில் கட்டைவிரலை வைத்து, மறுபடி விரித்து, மறுபடி வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு நகரும். எட்டு வரும், சில சமயம் எட்டும் கொஞ்சமும் வரும். பிறகு நான் படுத்தால், என் சாணால் எனக்கும் எட்டுத்தான். "டீச்சருக்கும் எட்டா?" என்று வகுப்பே ஆச்சரியப்படும். அந்த ஆச்சரியத்திலிருந்துதான் அடுத்த பாடம்.

ஆளுக்கு ஆள் சாண் மாறுகிறதே. பிள்ளை குழம்பிவிடாதா?

குழம்பட்டும், அந்தக் குழப்பம் வேண்டும். ஒரே ஓலைப்பாயை இரண்டு பேர் அளந்தார்கள். அப்பத்தா ஒன்பது சாண் என்றார், பேரன் பதின்மூன்று என்றான். பாய் ஒன்றுதான். யார் சொன்னது சரி? இரண்டும் சரி என்று பிள்ளையே கண்டுபிடிக்க நேரம் கொடுங்கள். அளக்கும் துண்டு சிறியதானால் எண்ணிக்கை கூடும் என்பதை வாயால் சொல்லிப் பயனில்லை. பல பிள்ளைகள் நேர்மாறாகத்தான் நினைக்கிறார்கள்: பெரிய கைக்குப் பெரிய எண்.

கை நீளமான பூக்காரியிடம் முழம் வாங்கினால் பூ கூடக் கிடைக்கும் என்பது நம் பெண்பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அங்கிருந்து தொடங்குங்கள். யார் அளந்தாலும் ஒரே அளவு வர வேண்டுமானால் என்ன செய்யலாம் என்று கேட்டால், "ஒரே ஆளின் கையால் அளக்கலாம்" என்று ஒரு பிள்ளை சொல்லும். "அந்த ஆள் ஊரில் இல்லாவிட்டால்?" என்று இன்னொன்று கேட்கும். "அவர் கையளவுக்கு ஒரு குச்சி வெட்டி வைத்துக்கொள்ளலாம்." இவ்வளவுதான், ஸ்கேல் பிறந்துவிட்டது.

அப்படியானால் சாணில் முழுவதும் தேறிய பிறகுதான் ஸ்கேலைத் தொடலாமா?

அப்படியொரு கண்டிப்பு தேவையில்லை. முன்பு அப்படித்தான் சொல்லப்பட்டது. பிள்ளைகள் இரண்டையும் சேர்த்தே பழகலாம், ஸ்கேலின் மேல் அவர்களுக்கு இயல்பாகவே ஆசை இருக்கிறது என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். என் அனுபவமும் அதுதான். ஸ்கேலை ஒளித்துவைக்க வேண்டாம்.

தீக்குச்சி அடுக்கி அளக்கச் சொன்னால் நடுவில் இடைவெளி விடுகிறான். சில சமயம் ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றிவிடுகிறான்.

அவன் பார்வையில் வேலை முடிந்துவிட்டது: இந்த முனையிலிருந்து அந்த முனை வரை குச்சி போய்ச் சேர்ந்துவிட்டது. நடுவில் ஒரு துளி இடமும் விட்டுப்போகக் கூடாது, ஒரே இடத்தை இரண்டு முறை மூடவும் கூடாது என்பது அவனுக்கு இன்னும் தோன்றவில்லை.

திட்டுவதைவிட, அதே பலகையை அவனையே மறுபடி அளக்கவிடுங்கள். முதல் முறை 9 வந்தது, இரண்டாம் முறை 11 வந்தது என்றால் அவனுக்கே உறுத்தும். இன்னொரு வழி, அவன் அப்பாவோ வாப்பாவோ வலை பின்னும்போது பக்கத்தில் உட்காரவைப்பது. வலைக் கண்ணின், அதாவது வலையின் ஓட்டையின், அளவு மாறாமல் இருக்க ஒரு சிறு பலகையை வைத்து, நூலை அதில் சுற்றி முடிச்சுப் போடுகிறார்கள். ஒவ்வொரு முடிச்சுக்கும் அதே பலகைதான். பலகையை மாற்றினால் என்ன ஆகும் என்று பிள்ளை கேட்டால், ஒரு கண் பெரியதாகி மீன் தப்பிவிடும் என்று பதில் வரும். எல்லாத் துண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்த்ததில்லை.

பொருளைப் பற்றி ஒரு சொல். சோழியும் சிப்பியும் கரையில் கொட்டிக் கிடக்கின்றன என்று அவற்றை வைத்து அளக்கச் சொல்லாதீர்கள். ஒன்றுபோல் ஒன்று இருக்காது, உருண்டும் போய்விடும். தீக்குச்சி, ஐஸ் குச்சி, ஒரே நீளத்தில் வெட்டிய ஈர்க்கு ஆகியவை நல்லவை. நிறையக் குச்சி கொடுத்து அடுக்கப் பழகிய பிறகு, ஒரே ஒரு குச்சியைக் கொடுங்கள். வைத்து, நுனியில் கோடு போட்டு, எடுத்து, கோட்டிலிருந்து மறுபடி வைக்க வேண்டும். சாண் போடத் தெரிந்த பிள்ளைக்கு இது சீக்கிரம் வந்துவிடும்.

பூஜ்யத்திலிருந்து தொடங்குவதா, ஒன்றிலிருந்தா? எண்ணுவது ஒன்றிலிருந்துதானே?

எல்லாத் தவறுக்கும் வேர் இங்கே இருக்கிறது, ஆகவே சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

நண்டை எண்ணும்போது ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறோம். ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது. ஸ்கேலில் எண்ணுவது கோடுகளை அல்ல, இரண்டு கோடுகளுக்கு நடுவில் உள்ள இடத்தை. 1 என்ற எண் எழுதியிருக்கும் இடத்தில் ஒரு சென்டிமீட்டர் முடிகிறது. தொடங்கிய இடம் 0. பிள்ளை கோட்டையே சென்டிமீட்டர் என்று நினைத்தால், முதல் கோடு 'ஒன்று' என்றுதான் சொல்லும்.

இராமேசுவரம் கோயில் பிரகாரத்துக்குப் போகும்போது இதைச் சொல்லிக்கொடுக்கலாம். ஒரு தூணில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டு, அங்கிருந்து வரிசையில் ஐந்தாவது தூண் வரை நடக்கச் சொல்லுங்கள். சாய்ந்து நின்ற தூணையும் சேர்த்து எத்தனை தூண்? ஐந்து. எத்தனை தூணிடையைக் கடந்தாய்? நான்கு. கோயிலுக்குப் போகாதவர்கள் பள்ளித் தாழ்வாரத்துத் தூண்களிலோ, பாலத்தின் கைப்பிடிக் கம்பிகளிலோ செய்யலாம். கால் நடந்த தூரம் இடைவெளியில்தான் இருக்கிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால், ஸ்கேலில் விரல் நகத்தால் ஒவ்வோர் இடமாகத் தொட்டு எண்ணுவது எளிது.

இதில் நானே செய்த தவறு ஒன்றும் உண்டு. முதல் சில ஆண்டுகள் "ஸ்கேலின் ஓரத்தைப் பொருளின் ஓரத்தில் வை" என்று சொல்லிக்கொடுத்தேன். மர ஸ்கேலிலும் பெரும்பாலான பிளாஸ்டிக் ஸ்கேலிலும் பூஜ்யக் கோடு ஓரத்தில் இருப்பதில்லை, சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது. இரும்பு ஸ்கேலில்தான் ஓரமே பூஜ்யம். என் பேச்சைக் கேட்ட பிள்ளைகள் எல்லாரும் அரை சென்டிமீட்டர் குறைத்தே அளந்தார்கள். இப்போது "பூஜ்யக் கோட்டைத் தேடு" என்றுதான் சொல்கிறேன்.

மீன் அளக்கும் பலகையைப் பார்த்த பிறகு எனக்கு இன்னும் தெளிவு வந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947இல் தொடங்கப்பட்டது நம் மண்டபத்தில்தான். மீன்வள ஆய்வு செய்பவர்கள் மீனை அளக்கும் பலகையில் ஒரு பக்கம் குறுக்குக்கட்டை இருக்கும். மீனின் மூக்கை அதில் முட்டவைத்துவிட்டு வாலைப் பார்ப்பார்கள். கட்டைதான் பூஜ்யம். ஒரு சிறு பலகையில் ஸ்கேலை ஒட்டி, பூஜ்யக் கோட்டில் ஒரு மரத்துண்டை ஆணியடித்து வகுப்பில் வைத்திருக்கிறேன். பென்சில், ஈர்க்கு, கருவாடு என்று எது கிடைத்தாலும் அதில் முட்டவைக்கிறார்கள்.

சென்டிமீட்டரா, அங்குலமா?

முதலில் சென்டிமீட்டர். நாடு 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மெட்ரிக் முறைக்கு மாறியது, பாடமும் அதில்தான் இருக்கிறது. ஆனாலும் ஆசாரி அடி, அங்குலம், நூல் என்றே பேசுகிறார். 8 நூல் ஓர் அங்குலம், 12 அங்குலம் ஓர் அடி. கடல் பாசி வளர்க்கும் மூங்கில் மிதவையைக்கூட 12 அடிக்கு 12 அடி என்றுதான் சொல்கிறோம். மூன்றாம் வகுப்பில் இரண்டையும் காட்டலாம். ஸ்கேலின் இரண்டு ஓரத்திலும் ஏன் வேறு வேறு எண்கள் என்று பிள்ளை கேட்கும் நாள் வரும், ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர் என்று அன்றைக்குச் சொன்னால் போதும். தப்பான ஓரத்தில் படிப்பது மிகவும் சாதாரணமாக நடக்கிறது, எனவே தொடக்கத்தில் அங்குல ஓரத்தின் மேல் தாள் ஒட்டிவிடுங்கள்.

டேப்பின் நுனியில் உள்ள கொக்கி ஆடுகிறது. பழுதா?

பழுதில்லை. கொக்கியின் தகட்டுத் தடிமன் அளவுக்கு அது வேண்டுமென்றே ஆடும்படி செய்யப்பட்டிருக்கிறது. வெளியே மாட்டி இழுத்தாலும், உள்ளே சுவரில் முட்டினாலும் அளவு சரியாக வர வேண்டும் அல்லவா?

வளைந்த பொருளை எப்படி அளப்பது?

நூலை அதன் மேல் வளைத்துவைத்து, பிறகு நூலை நேராக்கி ஸ்கேலில் பார்க்கலாம். நைலான் நூல் வேண்டாம், இழுத்தால் நீண்டுவிடும். பருத்தி நூல் நல்லது.

ஆனால் எதை அளக்கிறோம் என்பதை முதலில் கேட்டுவிடுங்கள். ஒரு பையன் பாறை மீனின் முதுகு வளைவில் நூல் வைத்து அளந்தான், அவன் தங்கை பலகையில் கிடத்தி நேராக அளந்தாள். அவனுக்கு அதிகம் வந்தது. மீனின் நீளம் என்பது மூக்கிலிருந்து வால் வரை நேராக. கழுத்து மாலைக்கு வளைவோடு போவதுதான் நீளம். இரண்டு நீளமும் உண்மையானவை, கேள்விதான் வேறு.

மீட்டர், கிலோமீட்டர் எல்லாம் மூன்றாம் வகுப்பில் வருகிறது. மனப்பாடமாக இருக்கிறதே தவிர அளவு பிடிபடவில்லை.

ஒரு மீட்டர் நீளக் கயிறு ஒன்றை வெட்டி வீட்டில் ஆணியில் தொங்கவிடுங்கள். தன் உடம்பில் அது எதுவரை வருகிறது, வாசல் நிலை எத்தனை கயிறு, அம்மாவின் சேலை எத்தனை கயிறு என்று பிள்ளை தானாகவே பார்க்கும். ஐந்தரை வந்தால் சந்தோஷப்படும்.

கிலோமீட்டருக்கு நம்மைப்போல் கொடுத்துவைத்தவர்கள் யார்? கண்ணெதிரே பாம்பன் பாலம் நிற்கிறது. 1988இல் திறந்த சாலைப் பாலம் ஏறக்குறைய 2.3 கிலோமீட்டர், பெரியவர் நடையில் அரை மணி நேரம். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய ரயில் பாலம் சுமார் 2.08 கிலோமீட்டர். நடுவில் கப்பலுக்காக மேலே தூக்கும் பகுதி மட்டும் 72.5 மீட்டர். பள்ளி மைதானத்தில் 72 மீட்டரைக் கயிற்றால் அளந்து இரண்டு முனையிலும் ஒவ்வொரு பிள்ளையை நிறுத்தினோம். "இவ்வளவு பெரியதையா தூக்குகிறார்கள்!" என்று அன்றைக்கு எழுந்த கூச்சல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

கண்மதிப்பாகச் சொல்லப் பழக்கலாமா?

கட்டாயம். அளப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் "எவ்வளவு இருக்கும்?" என்று கேளுங்கள். தவறானாலும் பரவாயில்லை.

நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவள். காலையில் மீன் வாங்கப் போனால் மாலைதான் வீடு. என்னால் என்ன செய்ய முடியும்?

இப்படிக் கேட்ட தாய் கருவாடு காயவைக்கும் வலையை விரித்துக்கொண்டிருந்தார். எத்தனை பாகம் வலை வேண்டும் என்று அவர் கண்ணாலேயே சொல்லிவிடுவார். அம்மா, உங்களுக்குத் தெரிந்த அளவு என்னைவிட அதிகம். செய்துகொண்டிருக்கும் வேலையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள், அது போதும். "இந்தக் கயிறு அந்தக் கம்பத்துக்கு எட்டுமா? இரண்டு பாகம் வேண்டும், ஒன்று... இரண்டு." பக்கத்தில் நிற்கும் பிள்ளை தன் குட்டிக் கைகளை விரித்து அதையே செய்யும். அதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

தவறாக அளந்தால் உடனே திருத்தலாமா?

எண்ணைத் திருத்தாதீர்கள். "எங்கிருந்து எங்கே வரை அளந்தாய்? விரலால் காட்டு" என்று கேளுங்கள். காட்டும்போதே பாதிப் பிள்ளைகள் தாங்களே திருத்திக்கொள்கிறார்கள். மீதிப் பிள்ளைகளிடம் தவறு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்: தொடங்கிய இடத்திலா, இடைவெளியிலா, ஸ்கேலின் ஓரத்திலா என்று.

உடைந்த ஸ்கேலை எறிந்துவிட்டுப் புதியது வாங்கித் தரட்டுமா?

புதியது வாங்குங்கள், உடைந்ததை எறியாதீர்கள். நெத்திலி அளந்த அந்தச் சிறுமியிடமும் அதைத்தான் சொன்னேன். தூண் விளையாட்டு, தீக்குச்சி, மீன் பலகை எல்லாம் முடிந்து சில வாரங்கள் கழித்து ஒரு நாள், அதே துண்டு ஸ்கேலை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். இன்னொரு நெத்திலியை 4இல் வைத்தாள். சுட்டுவிரல் நகத்தை முதல் இடைவெளியில் வைத்து, ஒன்று என்று உதட்டுக்குள் சொல்லி, அடுத்ததற்கு நகர்த்தி, வால் வரை போனாள். "ஆறு" என்றாள். பிறகு ஸ்கேலைத் திருப்பிக் காட்டி, "இதில் பத்து என்று போட்டிருக்கிறது, டீச்சர். ஆனால் இது நான்கில்தானே தொடங்குகிறது" என்றாள்.